எஸ்தர் யாருடைய சிநேகிதி

எஸ்தரை முதலில் பார்த்தவள் நான். இத்தனை வருஷம் கழித்து, அவள் இல்லாமல்போன பிறகும், இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்பமான சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. எங்கள் ஸ்ரீராம்புரம் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்கு வெளியே, அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஐந்தாம் வகுப்பில் வேறு யாருமே அவளை அதற்கு முன் பார்த்திருக்கவில்லை. என் கணக்கில் அது போதும்.

கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்தார்கள். சுரங்கத்தை மூடியதும் அவள் அப்பா பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்கு வந்து, பிறகு குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார். அங்கே தமிழில் படித்தவள். கன்னடம் காதில் கேட்டால் கொஞ்சம் புரியும், எழுத்து தெரியாது. எங்களுடையதோ கன்னடப் பள்ளிக்கூடம். முதல் நாள் மிஸ் அவளைப் பார்த்து, "எல்லி பேக்காதரு கூத்கோ" என்றார். எங்கே வேண்டுமானாலும் உட்கார் என்று அர்த்தம். எஸ்தர் விழித்தாள். நான் உடனே எழுந்து மொழிபெயர்த்தேன்.

"என் பக்கத்துல உக்காரச் சொல்றாங்க."

அவள் வந்து உட்கார்ந்தாள். அப்படித்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. அடுத்த சில மாதங்களுக்கு மிஸ் சொன்ன பலவற்றையும் எனக்குத் தோதான முறையில்தான் அவளுக்குச் சொன்னேன்.

எஸ்தருக்கு இதயத்தில் ஓட்டை இருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும். அவள் ஓடக்கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். விளையாட்டு நேரத்தில் அவள் மட்டும் மர நிழலில் உட்கார்ந்திருப்பாள். உதடு சில சமயம் நாவல்பழம் தின்றதுபோல் இருக்கும். எனக்கு அது ஒரு நோயாகவே தோன்றவில்லை. கேட்காமலே அவளுக்கு நிழல் கிடைத்தது. அவள் பையை யாராவது தூக்கினார்கள். எங்கள் எல்லோர் காதையும் திருகுகிற கணக்கு வாத்தியார் அவள் பக்கம் வரவே மாட்டார். ஒருநாள் அம்மாவிடம், எனக்கு மட்டும் ஏன் ஓட்டை இல்லை என்று கேட்டேன். அம்மா கார்மென்ட்ஸ் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு எதற்கோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

எஸ்தரிடம் ஒரு குணம் உண்டு. நாம் பேசினால், உலகத்தில் வேறு சத்தமே இல்லாததுபோல் கேட்பாள். "அப்புறம் இன்னாச்சிடி?" என்பாள். அந்த "இன்னாச்சிடி"க்காகவே நான் நடக்காதவற்றையெல்லாம் நடந்ததாகச் சொல்லியிருக்கிறேன். அவள் அப்படிக் கேட்பது எனக்காக மட்டும் என்று நம்பியிருந்தேன். அது எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்று என்று சவிதா வந்தபோதுதான் தெரிந்தது.

சவிதா எங்கள் சந்திலேயே, எங்கள் வீட்டுக்கு நேரெதிரே இருந்தாள். அவள் அப்பா தையல்காரர். தெருவைப் பார்த்தபடி கடை, அதற்குப் பின்னால் வீடு. வீட்டில் கன்னடம், தெருவில் விளையாடிப் பழகிய தமிழ். ஆறாம் வகுப்பில் அவள் எஸ்தருக்குக் கன்னட எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றே மாதத்தில் எஸ்தர் கரும்பலகையைத் தானே படித்தாள். "ஏய், இனிமே நீ கஷ்டப்பட வேணாம்டி" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சிரித்தேன். என் உத்தியோகம் போய்விட்டது.

அதன்பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. நாங்கள் இருந்தது இரண்டாவது மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சந்து வரை மூவரும் சேர்ந்துதான் வருவோம். எஸ்தர் தையல் கடை வாசலில் நின்றுவிடுவாள். "கொஞ்ச நேரம் இங்க உக்காரலாமா?" என்பாள். நான் உட்கார மாட்டேன். மேலே போய், கைப்பிடிச் சுவரில் முகவாயை வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் துணித் துண்டுகளைப் பொறுக்கி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எஸ்தரின் சிரிப்பு மேலே வரைக்கும் கேட்கும். சவிதா என்ன சொல்லி அவளைச் சிரிக்க வைக்கிறாள் என்பது மட்டும் கேட்காது.

என் பிறந்தநாள் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எஸ்தரை மட்டும் கூப்பிட்டேன். சவிதாவைக் கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்படி பார்த்துக்கொண்டேன். அம்மா கேசரி கிண்டினாள். அப்பா வார விடுமுறையில்கூடச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு மணி ஆனது, நாலரை ஆனது. கேசரியின் மேல் நெய் உறைந்தது.

கீழேயிருந்து சவிதாவின் குரல் கேட்டது.

"ஏய்! எஸ்தர் நம்ம மனேல இருக்கா! நீ பா!"

எங்கள் வீட்டில் இருக்கிறாள், நீ வா. இதைவிடத் திமிராக ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. தடதடவென்று இறங்கி ஓடினேன். தையல் கடைக்குள் பாயில், சுவரில் சாய்ந்து எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். சவிதாவின் அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எஸ்தர் என்னைப் பார்த்துச் சிரித்து, கையிலிருந்த சின்னப் பொட்டலத்தை நீட்டினாள்.

"எங்க வீட்டுக்கு வரத் தெரியாது, இங்க மட்டும் வரத் தெரியுதா?" என்றேன்.

"கொஞ்சம் இருடி... வரேன்..." அவ்வளவுதான் சொன்னாள். அந்த இடைவெளிகளை நான் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் வேணாம். இங்கயே இரு."

பொட்டலத்தை வாங்காமலே மேலே வந்தேன். அம்மா எஸ்தர் எங்கே என்று கேட்டதற்கு, அவளுக்குக் கேசரி பிடிக்காதாம் என்றேன்.

மறுநாள் பெஞ்சு மாறி உட்கார்ந்தேன். காலியான இடத்தில் சவிதா போய் உட்காரவில்லை. ஒரு வாரம் பொறுத்துத்தான் உட்கார்ந்தாள். இதைக்கூட நான் அவளுக்குச் சாதகமாக நினைத்ததில்லை. ஒரு வாரம் நடித்தாள் என்றுதான் நினைத்தேன்.

அந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூட கேட்டில் எஸ்தர் எனக்காக நின்றாள்.

"அடுத்த வாரம் ஆப்பரேஷன்டி. ஆஸ்பத்திரிக்கு வரியா?"

"உன் சவிதாவக் கூட்டிட்டுப் போ."

"அவளும் வரா. நீயும் வா."

அந்த "அவளும்" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. திரும்பி நடந்தேன். பின்னால் அவள் கூப்பிட்டாளா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவளால் சத்தமாகக் கூப்பிட முடியாது.

ஆப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை, அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னியபடியே சொன்னாள். எஸ்தர் போய்விட்டாள். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"சவிதாவுக்குத் தெரியுமா?"

பின்னிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுபோனது. எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்பதுதான் என் கவலை என்று அம்மாவுக்குப் புரிந்ததோ என்னவோ.

எஸ்தரின் வீட்டில் பெட்டியை நடு அறையில் வைத்திருந்தார்கள். வெள்ளை கவுன் போட்டிருந்தாள். உதட்டில் நீலம் இல்லை. தலைமாட்டில், எஸ்தரின் அம்மாவை ஒட்டிக்கொண்டு சவிதா நின்றாள். அந்த இடம் என்னுடையது. கூட்டத்தை இடித்துக்கொண்டு நானும் முன்னால் போனேன். என்னைப் பார்த்ததும் எஸ்தரின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உன் பொறந்தநாளுக்கு வந்தாளேம்மா. பாதிப் படி ஏறிட்டாளாம், அதுக்கு மேல முடியல. அங்கயே உக்காந்துட்டா. இந்தப் பொண்ணுதான் பாத்துட்டு ஓடியாந்து, கையப் புடிச்சி எறக்கி, அவங்க வீட்ல உக்கார வெச்சிச்சி. உங்கிட்ட சொல்லாதன்னுட்டாளாம். உனுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

அதைக் கேட்டதும் குற்ற உணர்ச்சியில் நான் உடைந்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழுதேன்தான். ஆனால் எங்கள் வீட்டுப் படியில், என் பிறந்தநாளில், என்னைப் பார்க்க வந்தவளின் கையைப் பிடித்தது நானில்லை, சவிதா. அதுதான் நெஞ்சில் எரிந்தது. எஸ்தர் சொல்லாதே என்று சொன்ன ஒரு ரகசியம்கூட அவளிடம் இருந்திருக்கிறது. சவிதா அழுதபடியே என் பக்கம் கையை நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இப்போது நான் பொம்மனஹள்ளியில் குடியிருக்கிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. எஸ்தரின் பெற்றோர் அந்த வருஷமே தங்கவயலுக்குத் திரும்பிப்போனார்கள். எஸ்தர் எப்படிக் கேட்பாள், எப்படிச் சிரிப்பாள் என்று நான் சொன்னால், ஆமாம் என்று தலையாட்ட எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவருக்கு அவள் ஒரு பெயர்தான்.

எஸ்தர் போனபின் வந்த கோடை விடுமுறை தொடங்கியிருந்த ஒரு நாள் மத்தியானம், சவிதா எங்கள் பழைய மாடி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அதுவரை அவள் மேலே வந்ததேயில்லை. உள்ளே வராமல் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எஸ்தர் இங்க வந்தா எங்க உக்காருவா?"

நான் ஒரு நோட்டை எடுத்து விரித்துக்கொண்டேன்.

"உன்கிட்ட என்ன மாத்தாடுவா? என்ன பேசுவா? சொல்லேன். நானும் சொல்றேன்."

"எனக்கு ஹோம்வொர்க் இருக்கு" என்றேன்.

விடுமுறையில் என்ன வீட்டுப்பாடம் என்று அவள் கேட்கவில்லை. சரி என்பதுபோல் "ஆய்து" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த மாதம் அவர்கள் கடையைக் காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டார்கள்.

அன்று அவள் போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். என்னிடம் இருந்த எஸ்தரையும் வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தன்னிடம் இருந்தவளை எனக்குக் கொடுக்கவும் வந்திருப்பாள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.