வாப்பாவின் கிணற்றுத் தண்ணீரும் சிவப்புக் காரும்

என் கணவருக்கு நான் இரண்டாம் தாரம். முதல் தாரம் சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, துணிக் கூரை. விளக்கைப் போட்டால் முன்னால் இரண்டு கண்களும் மேலே எழும்பும். எங்கள் கல்யாணத்துக்கு ஆறு வருடம் முன்பே அவர் வாங்கிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. எத்தாளையில் எங்கள் வீட்டுப் பாதையால் போகும்போது ஆடுகள்கூட அதைக் குனிந்துதான் பார்க்கும், தரையோடு அவ்வளவு பதிவு.

கல்யாணமாகிப் பத்து வருடம் நான் அதன் இடப்பக்க இருக்கையில் மட்டுமே இருந்திருக்கிறேன். என்னிடமும் லைசன்ஸ் இருந்தது, அலுமாரிக்குள். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போக பஸ், பஸ் வராவிட்டால் ஆட்டோ, ஆட்டோவும் வராவிட்டால் அதிபரிடம் ஏச்சு. கத்தாருக்கு வேலைக்குப் போகிற அன்றுதான் அவர் சாவியை என் கையில் வைத்தார்.

"கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி சந்தி மட்டும் போய்ட்டு வா புள்ள. இல்லாட்டி பேட்டரி செத்துரும். தண்ணி குறைஞ்சா இந்தக் கேன்ல இரிக்கிற கூலன்ட் மட்டும்தான் ஊத்தணும். வேற ஒண்டும் ஊத்தப்படாது. வெளங்கிச்சா?"

"ஓம்" என்றேன்.

முதல் மாதம் சந்தி வரை போனேன். இரண்டாம் மாதம் கற்பிட்டிப் பள்ளிக்கூடம் வரை போனேன். அதற்குப் பிறகு யாருக்காகவும் நான் தெருவில் காத்து நிற்கவில்லை. கூரையைப் பின்னால் மடித்துவிட்டு, முக்காட்டை ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் தென்னந்தோட்டமும் மறுபக்கம் மிளகாய்த் தோட்டமுமாக ஓடுகிற அந்தப் பாதையில் போகும்போது வரும் சந்தோஷத்தை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பறித்துவிடுவார்கள் என்று பயம்.

பதினான்கு மாதம் கழித்து அவர் லீவில் வர இன்னும் பத்து நாள் இருக்கும்போது கார் கொதித்தது. பள்ளிக்கூட அலுவலாகப் புத்தளத்தில் வலயக் கல்விக் கந்தோருக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன். பாலாவி உப்பளங்களைத் தாண்டி நுரைச்சோலைப் பக்கம் வரும்போது வெப்ப முள் சிவப்புக் கோட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. பொனட்டின் இடுக்கால் ஆவி கிளம்பியது. ஓரத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, தென்னை நிழலில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும் என்று தெரியும். ஆறிய பிறகு, குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரை ஊற்றி மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

வண்டி நாசமாகிவிட்டால் "பொம்பளைட கையில குடுத்தா இப்பிடித்தான்" என்று ஊர் சொல்லும். அவரும் சொல்லுவார். அதற்குப் பிறகு அந்தச் சாவி என் கைக்கு வரவே வராது. மறுபடியும் பஸ், ஆட்டோ, அதிபரின் ஏச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் வாப்பா வாசலுக்கு வாளியோடு வந்தார். "என்ன மகள், சூடாகிட்டா? நம்மட கிணத்துத் தண்ணிய நெறைய ஊத்துங்க. எல்லாம் சரியாகும்."

வாப்பாவின் கிணற்றைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கடல்நீர் தேங்கும் களப்புமாக நெருக்குகிற இந்த ஒடுங்கிய மண்ணில், ஒரு வீட்டு வளவில் தண்ணீர் இனிக்கும், அடுத்த வளவில் வாயில் வைக்க முடியாது. எங்களுடையது இனிக்கும் கிணறு. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சவும் இந்தத் தண்ணீரைத்தான் கொண்டுபோவார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்களே, வாப்பாவுக்கு அந்தக் கிணறு. வீட்டுக்கு வருகிற யாரும் ஒரு கோப்பை குடித்து "மாஷா அல்லாஹ்" சொல்லாமல் படி இறங்க முடியாது.

கேனில் இருந்த கூலன்ட் இரண்டு மாதத்திலேயே முடிந்துவிட்டது. பழைய கார், கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்கப் புத்தளம் போகப் பஞ்சி, சோம்பல். ஊரே குடிக்கிற தண்ணீர் ஒரு காருக்கு ஆகாதா என்று, ஒரு வருடமாக நானும் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தேன்.

அடுத்த நாள் பக்கத்துக் கராஜ் ஒன்றில் காட்டினேன். அங்கிருந்தவர் ஐந்து நிமிடத்தில் எதையோ கழற்றி என் கையில் தந்தார். தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடேறிய பிறகே தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் திறந்துவிடுகிற சின்ன வால்வு. "இந்த நாட்டுச் சூட்டுக்கு இது தேவையில்ல" என்றார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வாப்பா எனக்குத்தான் அடிக்கடி சொல்லுவார். அன்றைக்கு, நம்பிக்கை வராவிட்டாலும், நான் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். ஓட்டிப் பார்க்கப் போய், நுரைச்சோலை சேருமுன் முள் மறுபடியும் சிவப்பைத் தொட்டது. அப்போது திறந்த வாயை வீடு வரும்வரை நான் மூடவில்லை. கேட்க ஆளில்லாதது அந்த மனிதனின் நல்ல காலம்.

கடைசியில் புத்தளத்தில் ஒரு கராஜுக்குப் போனேன். வாட்டசாட்டமான ஒரு உடப்பு ஊர்க்காரர், காதில் பென்சில். வண்டியைத் தொடுமுன் கதை கேட்டார்.

"எப்ப சூடாகுது டீச்சர்? நிக்கிறப்பவா, ஓடுறப்பவா?"

அதை நான் குறித்தே வைத்திருந்தேன். "ஓடுறப்பதான். கற்பிட்டிச் சந்தியில நெரிசல்ல நிண்டா முள்ளு எறங்குது. நேர் ரோட்டுல வேகமாப் போனா ஏறுது."

"அப்ப ரேடியேட்டர் காத்தாடியில பிழை இல்ல. ஓடுறப்ப காத்து தானா வரும். காத்து வந்தும் ஆறல்லையெண்டா, தண்ணி போற வழியிலதான் அடைப்பு."

இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி அணைத்தார். காத்தாடியின் வயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினார். என்னையும் தொடச் சொன்னார். மேலே கை வைக்க முடியவில்லை. கீழ்ப் பாதி முழுக்கப் பச்சைத் தண்ணீர்ப் பானை மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. சூட்டுத் தண்ணீர் அங்கே போய்ச் சேரவே இல்லை.

"என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"எங்கட கிணத்துத் தண்ணி. எத்தாளையிலயே திறமான தண்ணி. உப்பே இல்ல" என்றேன், வாப்பாவின் மகளாக நெஞ்சை நிமிர்த்தி.

அவர் பென்சிலால் காதைச் சொறிந்தார். "உங்கட வீட்டுல தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல் உள்ளுக்கு என்ன நெறம் டீச்சர்?"

யா அல்லாஹ்! வெள்ளை. நகத் தடிப்பில் வெள்ளை. மாதத்துக்கு ஒரு முறை வினாகிரி ஊற்றிக் கொதிக்கவைத்துச் சுரண்டுகிறவளே நான்தான். நான் விஞ்ஞான டீச்சர். நீரின் வன்மை, சுண்ணாம்புப் படிவு, கொதிகலன் அடைப்பு என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். உப்புக் கரிக்காத தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் என்றே பிறந்ததிலிருந்து நாக்குக்குப் பழக்கிவிட்டோம். நாக்குக்குத் தெரியாத சுண்ணாம்பு யாருக்கும் நினைவு வரவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றி, மேல்மூடியை வெட்டித் திறந்து வைத்திருந்தார். குழாய் வாய்கள் எல்லாம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி அடைத்திருந்தன.

"எல்லாம் என்ட வேலை" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

அவர் திருப்புளி முனையால் ஒரு துண்டைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். படை படையாக இருந்தது. "இது ஒரு வருஷத்து வேலையில்ல டீச்சர். எட்டு வருஷம், பத்து வருஷம் ஊத்தியிருக்கணும். ஆறுதலா, மெதுவா ஓடின வரைக்கும் தாங்கியிருக்கு. நீங்க தினமும் ஓடினதாலதான் உள்ளுக்கிருந்த வருத்தம் வெளிய தெரிஞ்சுது."

பத்து வருடம். என் கணவர் மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்குக் குடிவந்து, கத்தார் போகும்வரை இருந்ததும் பத்து வருடம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக் காலையும் வாப்பா வாளியோடு வந்து நிற்பதும், அவர் "ஓம் மாமா" என்று சொல்லிப் பொனட்டைத் திறப்பதும் கண்ணுக்குள் வந்தது. எனக்கு மட்டும் எவ்வளவு புத்திமதி! கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, கராஜில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

வேறு ரேடியேட்டர் போட்டு, இன்ஜின் உள்ளே படிந்ததைக் கழுவி எடுத்து, தெர்மோஸ்டாட்டை மறுபடி பூட்டி, கூலன்ட் நிரப்பித் தந்தார் உடப்புக்காரர். நல்ல வேளை, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய ரேடியேட்டரை வீச வேண்டாம் என்று சொல்லிக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

என் கணவர் வருகிற நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு நானே கட்டுநாயக்காவுக்குக் காரை ஓட்டிப் போனேன். சிலாபம் தாண்டியும் முள் நடுவிலேயே நின்றது. காலை வெயிலில் விமான நிலைய வாசலால் வந்தவர், என்னைப் பார்த்துச் சிரித்து, காரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கூடச் சிரித்தார். பிறகு கையை நீட்டினார். சாவிக்கு.

நான் சாவியால் பின்பெட்டியைத் திறந்து காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். வெள்ளைப் படிவை நகத்தால் சுரண்டினார். ஆளின் முகம், பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"மாமா வாளியோட வந்து நிண்டா, வேணாம் எண்டு எப்பிடிப் புள்ள சொல்ற?" என்றார் மெதுவாக. "அவர்ட வீட்டுல இரிந்துக்கிட்டு அவர்ட தண்ணி கூடாது எண்டு சொல்ல ஏலுமா?"

"அதுக்கு என்ட கையில மட்டும் கேனக் குடுத்தீங்களா?"

"நீ வேணாம் எண்டு சொல்லுவாய்தானே. நீ அவர்ட மகள்."

கராஜிலிருந்தே சேர்த்து வைத்திருந்த சண்டை அந்தச் சொல்லில் கரைந்துபோனது. ஆனால் சாவியை நான் கொடுக்கவில்லை. பின்பெட்டியில் ரேடியேட்டர் இருந்ததால் அவருடைய பெட்டிக்கு இடமில்லை. இடப்பக்கம் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். வழியெல்லாம் முள்ளையே பார்த்தார். பாலாவியில் திரும்பும்போது, "நல்லா ஓட்டுற" என்றார். நான் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன்.

வீட்டு வாசலில் வாப்பா நின்றார், கையில் வாளி. "வாங்க மருமகன். தூரம் ஓடி வந்த வண்டி, மூடியத் தொறங்க."

"ஓம் மாமா" என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார்.

"வாப்பா, ஒங்கட தண்ணி வண்டிக்கு ஆகாது" என்றேன். "சுண்ணாம்பு படிஞ்சி அடச்சிப் போச்சு. அது மனிசருக்கு உள்ள தண்ணி. மனிசருக்குக் குடுங்க."

வாப்பாவின் முகம் சுருங்கியது. அதற்குள் என் கணவர் வாளியை வாங்கி, கோப்பைக்குக்கூடக் காத்திருக்காமல், இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. நிமிர்ந்தபோது கண்ணும் நனைந்திருந்தது. "பதினாலு மாசம் மாமா" என்றார். வாப்பா அவருடைய தோளைத் தட்டிவிட்டு, இன்னொரு வாளி அள்ளக் கிணற்றடிக்குப் போனார்.

நான் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் துடைத்தபடி கேட்டார்:

"நாளைக்கு எத்தன மணிக்கு ஸ்கூலுக்குப் போற? என்னையும் சந்தியில எறக்கி விடுறியா?"