புகை வருடத்துக்குப் போத்தல் இல்லை

இருட்டிய பிறகு வானத்தில் டபடபவென்று ஓர் இரைச்சல். எனக்கு இந்தத் தொழில் அறிமுகமானதே அந்தச் சத்தத்தில்தான். மெல்பேர்னுக்கு வெளியே யாரா பள்ளத்தாக்கில், ஒரு வைன் தோட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ருசி பார்க்க ஊற்றிக் கொடுக்கிறேன். கொன்வென்டில் படித்தவள், பூசையில் பாதர் குடிப்பதைத் தவிர வைனைக் கண்டதில்லை. ஆனால் எந்த வருடத்து வானம் எங்களை எப்படிப் பதறவைத்தது என்று தெரியும். அதைத்தான் இனிப்பாகச் சொல்லி விற்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கிற பிழைப்புள்ளவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

விசிறி

தோட்டத்துக்குள்ளிருக்கும் சின்ன வீட்டுக்குக் குடிவந்த முதல் வசந்தகாலம். நான் பிள்ளைத்தாய்ச்சி. இரவு ஹெலிகொப்டர் தாழப் பறக்கிற சத்தம். வன்னியில் வளர்ந்த உடம்பு யோசிக்காது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினி மேசைக்குக் கீழே போய்விட்டேன். இங்கே டிராக்டர் ஓட்டுகிற என் கணவர் டோர்ச்சோடு குனிந்து பார்த்தார். துளிர் விடும் நேரம் உறைபனி விழுந்தால் மொட்டுகள் கருகிவிடும். அதனால் கம்பங்களில் பெரிய விசிறிகளைச் சுழற்றி, மேலேயுள்ள சூடான காற்றைக் கீழே இறக்குகிறார்களாம்.

"குண்டு போடேல்லையப்பா, கொடிக்குக் குளிருதாம். எழும்பி வாரும்."

மிஞ்சிய குலைகள்

விசிறி சுழன்றும் பாதி மொட்டுப் போன வருடம் ஒன்று உண்டு. தப்பிய குலைகளில் கொடியின் பலமெல்லாம் இறங்கியதால் அந்த வைன் இறுக்கமானது, விலையும் கூட. பக்கத்துப் போத்தல் வெயில் கொளுத்திய வருடத்தது. சீனி ஏறி, புளிப்பு இறங்கி, கனத்த வைன். அந்த வெயிலில் பழங்கள் கொடியிலேயே வற்றிச் சுருங்கியதையும் சொல்லிவிட்டேன். மெல்பேர்ன் புறநகரான பொயிண்ட் குக்கிலிருந்து வந்திருந்த தமிழ்நாட்டுத் தம்பதி கவனமாகக் கேட்டார்கள். மனைவி கணவரின் முழங்கையை இடித்தாள்.

"ஏங்க, இவங்க நஷ்டத்தைத்தான் பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க. ஒண்ணு வாங்கிக்குவோம், பாவம்."

பிறந்த வருடத்துப் போத்தல்

பிள்ளை பிறந்த வருடத்து வைனை வாங்கி வைத்து, அது வளர்ந்ததும் திறப்பது இங்கே ஒரு வழக்கம். ஒரு வெள்ளைக்காரத் தாய் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படி ஒன்று கேட்டு வந்தாள். அந்த வருடத்தது எங்களிடம் இல்லை. காட்டுத்தீப் புகை வாரக்கணக்கில் தோட்டத்தின்மேல் படுத்துக் கிடந்த கோடை அது. பழத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. புகை தோலுக்குள் ஒளிந்திருந்து, வைனான பிறகுதான் சாம்பலாய் நாறும். முழுவதையும் கொட்டிவிட்டார்கள்.

என் மகள் அனிஷா பிறந்ததும் அந்தக் கோடையில்தான். அவளும் அதே காற்றைத்தான் குடித்தாள். இன்றும் மூச்சிழுப்பு வந்தால் வாயில் அடிக்கிற நீலப் பம்ப் இல்லாமல் நாங்கள் வெளியே போவதில்லை. புகையால்தான் என்று டொக்டர் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு? போத்தல் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

"ஐயோ, அந்த வருடத்தில் சேமித்து வைக்க ஒன்றுமே மிஞ்சவில்லையா?"

மெல்லிய தோல்

இந்தக் கோடையில் மலைக்கு அப்பால் மறுபடி தீ. வைன் தயாரிக்கிற பீற்றர் கொஞ்சம் பழம் பறித்து, வாளியில் நொதிக்கவிட்டு, நாய் மாதிரி முகர்ந்து பார்த்தார், ஆய்வுகூடத்துக்கும் அனுப்பினார். பழம் தாங்குமா என்று கேட்டேன். கவுண்டருக்குப் பின்னாலுள்ள அறையில் படுக்கவைத்திருந்த அனிஷா இருமிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சாதிக்குத் தோல் மெல்லிசு. உள்ளே போன புகையை யாராலும் எடுக்க ஏலாது."

மழை

புறப்படத் தயாராக இருங்கள் என்று போனில் எச்சரிக்கை வந்த நாளிலிருந்து நான் கதவைத் தாழிட்டுப் படுக்கவில்லை. புகைக்குள் தாழ்ப்பாளைத் தடவும் நேரம் இருக்குமோ என்ற பயம். சாத்தியும் சாத்தாத கதவைப் பார்த்தபடி, பம்பும் பாஸ்போர்ட்டும் ஜெபமாலையும் போட்ட பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் மூச்சைக் கேட்டுக் கிடந்தேன்.

இன்று பின்னேரம் மழை கொட்டியது. தீ அடங்கிவிட்டது. ஆனால் ஆய்வுகூட முடிவுக்காகப் பறிக்காமல் விட்டிருந்த பழம் தண்ணீரை இழுத்து வெடித்து, பூஞ்சணம் பிடித்துவிடும். பீற்றர் நனைந்தபடி எங்கள் வாசலுக்கு வந்தார்.

"இந்த வருசமும் போச்சு. உம்மட மகள் எப்படி, மூச்சு விடுறாளா?"

அவர் போனபின், சம்பளம் தரும் தோட்டத்தையே அழுகவைக்கிற மழைக்கு ஸ்தோத்திரம் சொன்ன ஒரே வேலையாள் நானாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தபடி, எழும்பிப் போய்க் கதவை உள்ளே தாழிட்டேன்.