துரைசாணி பங்களாவில் ஏழாம் நம்பர்

எனக்குப் பேய் என்றால் உயிர். புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மற்ற பெண்கள் ஓடுவார்கள். நான் எந்தப் புளியமரம் என்று கேட்பேன். பட்டம் வாங்கி, பி.டி.யும் முடித்து, இருபத்து மூன்று வயதில் டீச்சரான பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. அதனால் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே பேய் நடமாடுகிறது என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர் காலத்துப் பழைய பங்களா ஒன்றில் எங்கள் பெண்கள் பள்ளி நடந்துகொண்டிருந்தது. எப்போதோ அங்கே குடியிருந்த ஒரு துரையின் மனைவி காய்ச்சலில் செத்துப்போனாளாம். அதனால் ஊர் வாயில் அது துரைசாணி பங்களா. கடைசி மின்சார ரயிலில் வந்து இறங்கியவர்கள் நாலைந்து பேர் அதன் பின்பக்க ஜன்னலில் ஒரு வெளிச்சம் நகர்வதைப் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. கதை பம்மல் போனபோது துரைசாணிக்குத் தலை இல்லை. வண்டலூர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பில் ஒரு குழந்தையும் வந்துவிட்டது.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்த ஆரம்பித்தார்கள். முதலில் நிறுத்தியவர் பள்ளிக்குப் பின்சுவரை ஒட்டி வீடு வைத்திருந்த ரைஸ்மில்காரர். அந்த ஊரின் பழைய குடும்பம், நிலபுலன் உள்ளவர், அவர் பேச்சுக்கு ஊரில் மதிப்பு உண்டு. அவர் மகள் என் வகுப்பில், பதினோராம் வகுப்பில் படித்தாள். என் வகுப்பிலேயே கெட்டிக்காரி. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு இன்னும் இரண்டே மாதம். அவர் நிறுத்தியதும் ஊரே நிறுத்திவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். கல்யாணம் செய்துகொள்ளாமல் பள்ளியே கதி என்று இருந்தவர். கர்த்தரைத் தவிர வேறு யாருக்கும் பயந்ததில்லை, ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வரார். வகுப்பு காலியா இருந்தா அங்கீகாரம் போயிடும். அப்புறம் ஸ்கூலை மூட வேண்டியதுதான். ஒரு ராத்திரி முழுக்க இங்கேயே உட்கார்ந்து என்னதான் இருக்குன்னு பாத்துடுவோம். யார் வரீங்க?"

அவர் வாயை மூடுவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். சக டீச்சர்கள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஊர் சார்பாக ஒருவர் கூட இருந்தால்தான் நம்புவார்கள் என்று பெரிய டீச்சர் சொல்லியனுப்ப, ரைஸ்மில்காரர் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். "நான் குந்திகினு பாக்குறேன் டீச்சர். அது இன்னா துரைசாணியோ, வந்து என் மூஞ்சிக்கு நேரா நிக்கட்டும்." எங்கள் வீட்டில் அம்மா என்னைத் தனியாக விட மாட்டேன் என்றதால் அண்ணனும் சேர்ந்துகொண்டான். அவன் மைக் செட் கடைக்கார நண்பனிடம் கெஞ்சி, பெரிய சக்கரம் இரண்டு சுற்றுகிற டேப் ரெக்கார்டரை வாங்கி, குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். "பேய் மட்டும் ஒரு வார்த்தை பேசட்டும், நான் எங்கயோ போயிடுவேன்" என்று வழியெல்லாம் பினாத்தினான். எங்கள் நாலு பேருக்கும் 'பேய்ப் பரிசோதனைக் குழு' என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

ஏழு மணிக்கு வருவதாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். நானோ பரபரப்பில் ஆறு மணிக்கே எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். பெரிய டீச்சர் ஜெபம் செய்தார். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து எல்லா அறைகளையும் தேடினோம். கோடியில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் இருட்டறை ரைஸ்மில்காரர் பங்கு. அவர் வாசலிலேயே நின்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டி, "ஒண்ணும் இல்ல" என்று திரும்பியதை நான் பார்த்தேன். வெளியில் சொல்லவில்லை, பாவம்.

கால் தடம் தெரிவதற்காகக் கூடத்திலும் தாழ்வாரத்திலும் சாக்பீஸ் தூளைச் சலித்துத் தூவினேன். கூடத்தில் பெரிய டீச்சரும், டேப் ரெக்கார்டருடன் அண்ணனும். பக்கத்திலேயே பதினோராம் வகுப்பு அறையில் நான். வாசல் வராந்தாவில் ரைஸ்மில்காரர். எல்லா விளக்கையும் அணைத்தோம். ஆளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்று தெரிய, மணிக்கு ஒரு தரம் பெரிய டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுப்பார். டீச்சர் புத்தி வேறு எங்கே போகும்? நான் ஒன்று, அண்ணன் இரண்டு, ரைஸ்மில்காரர் மூன்று.

அந்த இருட்டில் எனக்குக் காதே உடம்பாகிவிட்டது. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேல் போனால் ஓடெல்லாம் கடகடத்தது. எலி ஓடினால் 'வந்துவிட்டாள்' என்று நிமிர்ந்தேன். வௌவால் பறந்தால் கையைத் தட்டலாம் போலிருந்தது. "ஒண்ணு?" "பிரசன்ட்!" "ரெண்டு?" "பிரசன்ட்!" "மூணு?" வராந்தாவிலிருந்து "கீறேன் டீச்சர்" என்று ஒரு தீனக்குரல். பன்னிரண்டு மணி, ஒரு மணி என்று இப்படியே போயிற்று. வா அம்மா, வந்து தொலை, என்று மனசுக்குள் துரைசாணியைக் கெஞ்சினேன்.

இரண்டு மணிக்குப் பெரிய டீச்சர் குரலில் தூக்கம் கலந்திருந்தது. "ஒண்ணு?" "பிரசன்ட்." "ரெண்டு?" "பிரசன்ட்." "மூணு?" "கீறேன்." அவர் நிறுத்தவில்லை. முப்பது வருஷத்துப் பழக்கம், வாய் தானாகப் போயிற்று. "நாலு... அஞ்சு... ஆறு... ஏழு..."

"பிரசன்ட் டீச்சர்."

சத்தியமாகச் சொல்கிறேன், என் தலைமுடி ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. பெண் குரல். கோடியிலிருந்து வந்தது, மெல்லிசாக, தெளிவாக.

"அய்யய்யோ! கீதுடா! கீதுடா டோய்!" என்று ரைஸ்மில்காரர் வராந்தாவிலிருந்து கூடத்துக்குள் பாய்ந்து, ஒரு சுற்று சுற்றி, பாதை தெரியாமல் திரும்ப வாசல் வழியாகப் பாய்ந்து தெருவுக்கே ஓடிவிட்டார். அண்ணன் குதிக்க ஆரம்பித்தான். "விழுந்திடுச்சு! டேப்ல விழுந்திடுச்சு!" பெரிய டீச்சர் "கர்த்தாவே!" என்றார். எனக்கு ஒரு பக்கம் குலை நடுங்கியது, இன்னொரு பக்கம் ஆனந்தத்தில் கத்தவேண்டும் போலிருந்தது. என் வாழ்க்கையின் முதல் பேய்!

அந்த ஆனந்தம் அரை நிமிஷம்தான். ஏழு என்றதற்கு ஏன் பதில் வந்தது? நாலுக்கும் அஞ்சுக்கும் வராதது ஏழுக்கு ஏன் வந்தது? பதினோராம் வகுப்புக்குத் தினமும் நம்பர் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுப்பவள் நான். ஏழாம் நம்பர் யார் என்று என் வாய்க்கு மனப்பாடம். டார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டறைக்கு ஓடினேன்.

உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால், சரித்திர நோட்டை மார்போடு கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு சிம்னி விளக்கோடு ரைஸ்மில்காரர் மகள் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"தூங்கிட்டேன் டீச்சர். பெரிய டீச்சர் கூப்புட்ட மாதிரி இருந்துச்சு, சொல்லிட்டேன்" என்றாள். பிறகு ஒரே அழுகை. வீடு நிறைய ஆள், எட்டு மணிக்கு மேல் விளக்கு வைக்கக் கூடாது, பொண்ணு படித்தது போதும் என்பது அப்பா பேச்சு. அதனால் மூன்று மாதமாக எல்லாரும் தூங்கிய பிறகு இடிந்த பின்சுவர் வழியாக வந்து இங்கே படித்துக்கொண்டிருந்தாள். இன்று நாங்கள் எல்லா அறையும் தேடப்போகிறோம் என்று அப்பா சொன்னதைக் கேட்டு, நாங்கள் ஏழு மணிக்கு வருவதற்குள் விளக்கையும் நோட்டையும் எடுத்துப்போக வந்திருக்கிறாள். நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே கூட்டத்தை இழுத்து வந்ததில் மாட்டிக்கொண்டாள். "இந்நேரம் தேடிகினு இருப்பாங்க டீச்சர். அம்மா பின்கதவை எப்பவும் தாழ் போட மறந்துடுவாங்க, அது வழியாதான் வருவேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, கொன்னுடுவாரு. என்னாலதான் ஸ்கூலே மூடுது டீச்சர்."

படிக்க வந்த பெண்ணின் விளக்குதான் பள்ளியைக் காலி செய்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் பள்ளி பிழைக்கும், இவள் கதி அதோகதி. ராத்திரியில் வெளியே போன பெண் படிக்கத்தான் போனாள் என்று எந்த ஊர் நம்பும்? மறுமாதமே எவனுக்காவது கழுத்தை நீட்டச் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் பள்ளிக்கு மூடுவிழா.

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் பெரிய டீச்சர், அவள் தலையைத் தடவிக்கொண்டே.

"நீங்க சொல்ல வேணாம். நான் இருக்கேன்ல" என்றேன். எனக்கு எப்போதும் வாய்தான் முன்னால் போகும், யோசனை பின்னால் வரும். அவளைப் பின்சுவர் வழியாக அனுப்பிவிட்டு, அண்ணனிடம் டேப்பை அழிக்கச் சொன்னேன். "சரி சரி" என்றான்.

விடிந்ததும் ரைஸ்மில்காரர் பாதி ஊரோடு வந்து நின்றார். கூட்டத்தில் அவர் மனைவியும், அவள் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும். "என் காதால கேட்டேன்யா! பொம்பள கொரலு! இஸ்கூலை இழுத்து மூடுங்க!" என்று கத்தினார். பெரிய டீச்சர், "இங்க பேய் இல்லை. அது சத்தியம்" என்று மட்டும் சொன்னார்.

நான் முன்னால் போய் நின்றேன். "அந்தக் குரல் என்னுதுதான் சார். சும்மா விளையாட்டுக்குப் பண்ணேன். ராத்திரியில ஜன்னல்ல தெரிஞ்ச வெளிச்சமும் நான்தான். சில நாள் இங்கயே தங்கிப் பேப்பர் திருத்துவேன், யாருக்கும் தெரியாது."

ரைஸ்மில்காரர் முகம் சிவந்தது. தரையில் சாக்பீஸ் தூளில் அவருடைய பெரிய பாதம் ஒரு சுற்று சுற்றி வாசலுக்குத் தாவியிருந்ததை யாரோ ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார். "இன்னா கத வுடுற? பக்கத்து ரூம்ல இருந்துச்சு உன் கொரலு, இது கோடிலேந்து வந்துச்சு. டேப்ல புடிச்சேன்னு குதிச்சானே உன் அண்ணன், போடச் சொல்லு!" என்று கத்தினார் ரைஸ்மில்காரர்.

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். படுபாவி அழிக்கவில்லை! மனசு வரவில்லையாம். ரைஸ்மில்காரரே பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், வேறு வழியில்லை. சக்கரம் சுற்றியது. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. "பிரசன்ட் டீச்சர்."

அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இரண்டாம் தரமும் போடச் சொல்லிக் கேட்டார். பெற்ற மகளின் குரல், ஒரு கை தூரத்தில். அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் அவள் இப்படித் தெளிவாக, நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசி அவர் கேட்டிருந்தால்தானே? பிறகுதான் அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், கண் இரண்டும் தளும்பியிருந்தன. அவளுக்குத் தெரிந்துவிட்டது. செத்தேன் என்று நினைத்தேன்.

"இந்த டீச்சர் கொரலுதான்" என்றாள் அவள் உரக்க, கூட்டத்துக்கே கேட்கும்படி. "எனக்குத் தெரியாதா இன்னா? நம்ம வூட்டுக்குக் கேக்குமே, பின்னாடிதான கத்திகினு இருப்பாங்க தெனமும். இதே கொரலுதான்."

அந்தப் பின்கதவு ஏன் எப்போதும் தாழில்லாமல் இருந்தது, ராத்திரி மகளைக் காணோம் என்று ஏன் யாரும் தேடி வரவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஊர் என்னைத் திட்டித் தீர்த்தது. எனக்குப் பார்த்திருந்த வரன் வீட்டார், ராத்திரியில் தனியாகத் தங்குகிற பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ரைஸ்மில்காரரும் ஒரு நிபந்தனை போட்டு மகளை அனுப்பினார்: அந்தக் கோமாளி டீச்சர் முகத்தில் என் பொண்ணு முழிக்கக் கூடாது. பதினோராம் வகுப்பு ஒன்றுதான் இருந்தது. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நாளையிலிருந்து மூன்றாம் வகுப்புக்குப் போகச் சொன்னார். நானும் போனேன்.

பரீட்சை முடிவு வந்த அன்று ரைஸ்மில்காரர் ஒரு பெரிய டப்பா நிறைய லட்டு எடுத்துக்கொண்டு வந்தார். பெண் பள்ளியிலேயே முதலாவது. இனி காலேஜுக்கும் அனுப்புவேன் என்று தாழ்வாரமெல்லாம் கேட்கும்படி பீற்றிக்கொண்டு, ஒவ்வொரு டீச்சருக்கும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். ஆயாவுக்கும் கொடுத்தார். மூன்றாம் வகுப்பு வாசலில் ஒரு கணம் நின்று என்னை முறைத்தார். டப்பாவைப் படக்கென்று மூடிக்கொண்டு போய்விட்டார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, குழந்தைகளுக்குத் தெரியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.