தாப்பாவில் கடல் இல்லை

எங்கள் வீட்டில் சந்தேகம் இல்லாத ஆளே கிடையாது. அம்மாவுக்கு அப்பா மேல் சந்தேகம். அப்பாவுக்கு மீசை முளைத்த பையன்கள் எல்லார் மேலும் சந்தேகம். அக்காவுக்கு ஒரே ஒரு பையன் மேல், அதுவும் விட்டு விட்டு வரும். எட்டு வயதில் எனக்கு இவர்கள் மூன்று பேர் மேலும் சந்தேகம் இருந்தது. கடைக்குட்டிக்கு வீட்டில் வேறு என்ன வேலை?

அக்காவின் பையனை வீட்டில் ‘அந்தப் பையன்’ என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொன்னால் வாசலில் வந்து நின்றுவிடுவானோ என்ற பயம்போல. பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவம் படிக்கையில் இருவரும் ஈப்போ பஸ் நிலையத்தில் ஒரே கிண்ணத்தில் செண்டோல் சாப்பிட்டதை யாரோ பார்த்து வந்து சொல்ல, வீடு இரண்டுபட்டது. அவர்கள் வேறு ஆட்கள் என்றார் அப்பா. அந்தப் பையன் வீட்டிலும் எங்களைப் பற்றி அதையேதான் சொன்னார்களாம். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு குடும்பத்துக்கும் நல்ல ஒற்றுமை இருந்தது.

பஞ்சாயத்து எங்கள் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலில் நடந்தது. ரப்பர் மரங்கள் போய் அங்கே மாடிவீடுகள் வந்துவிட்டன. முனியாண்டி மட்டும் அரிவாளோடு அதே இடத்தில் நிற்கிறார். அவரைக் கிளப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. அவர் முன்னால் கற்பூரம் ஏற்றி, இருவரையும் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அக்காவுக்கு இருபத்தொன்று முடியும்வரை பேசக் கூடாது, போனில் தட்டக் கூடாது, ஆள் விட்டு விசாரிக்கவும் கூடாது. அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் பெரியவர்கள் குறுக்கே நிற்க மாட்டார்கள். சத்தியம் முடிந்த கையோடு அவனை எங்கோ சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த விவரமெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னைக் கோயிலுக்குப் பின்னால் சுண்டல் தின்ன அனுப்பியிருந்தார்கள். அந்தப் பையனை நான் பார்க்கவே இல்லை.

சத்தியம் வாங்கியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. மறக்காதவனும் பேச மாட்டான், மறந்துபோனவனும் பேச மாட்டான். அக்கா எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்? துணிக்கடை வேலை முடிந்து வந்ததும் போனில் அவன் தன் நம்பரோடு வைத்திருக்கும் முகப்புப் படத்தைப் பார்ப்பாள். படம் பார்ப்பது சத்தியத்தில் சேராது என்பது அவள் கட்சி. படத்தில் அவன்கூட இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள்தான். அது மாறாமல் இருப்பதால் இன்னும் நினைப்பு இருக்கிறது என்று ஒருநாள் தெம்பாக இருப்பாள். மாறாமல் இருப்பதால் அந்த நம்பரையே விட்டுவிட்டான் என்று மறுநாள் சோறு வேண்டாம் என்பாள்.

கெடு முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போது சிலிம் ரிவரிலிருந்து வரன் வந்தது. நல்ல வேலை, நல்ல குடும்பம், பார்க்கவும் லட்சணம். பள்ளி விடுமுறை முடிவதற்குள் பதில் வேண்டும் என்றார்கள்.

“இருக்கானா இல்லையான்னே தெரியாதவனுக்கு எதுக்குடி காத்துக் கெடக்கணும்?” என்று அம்மா கேட்டாள்.

“தெரியலம்மா” என்றாள் அக்கா. எதைக் கேட்டாலும் அந்த நாட்களில் அதே பதில்தான்.

இதற்கு நடுவில் அப்பா வேறு சந்தேகத்தைக் கிளப்பினார். அவர் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், வேன் ஓட்டினார். மலையிலிருந்து இறங்கும் காய்கறியைத் தாப்பாவில் ஏற்றிக்கொண்டு வந்து ஈப்போ கடைகளுக்குப் போடுவது வேலை. கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமையிலும் தாப்பாவுக்கு என்று கிளம்பினார். திரும்பும்போது முட்டைக்கோசு வரவில்லை, நெத்திலி வந்தது. ஒருமுறை உயிரோடு நண்டு வந்தது.

“தாப்பாவுல கடல் எப்ப வந்துச்சு?” என்று அம்மா கேட்டாள்.

“பாசார்ல வித்தாங்க லா” என்றார் அப்பா, நண்டைப் பார்த்தபடி.

அம்மா என்னைத் தனியாக அழைத்துப் போனாள். கடற்கரைப் பக்கம் எவளோ ஒருத்தி இருக்கிறாள், மீன் கொடுத்தே அப்பாவை மயக்கிவிட்டாள் என்பது அவள் முடிவு. அடுத்த ஞாயிறு நானும் வேனில் வருவேன் என்று அடம்பிடிக்க வேண்டும், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அழுதே காரியத்தைச் சாதித்தேன்.

வேன் தாப்பா பக்கம் திரும்பவில்லை. மலை வரும் என்று பார்த்தால் செம்பனைதான் வந்துகொண்டே இருந்தது. சித்தியவான் தாண்டியதும் காற்றில் கவிச்சி அடித்தது. லூமுட் படகுத்துறைக்குச் சற்றுத் தள்ளி, படகு பழுதுபார்க்கும் ஒரு கொட்டகை முன்னால் அப்பா வேனை நிறுத்தினார். நான் புடவை கட்டிய, கவுன் போட்ட, எந்த மாதிரிப் பெண்ணாவது தென்படுகிறாளா என்று நாலா பக்கமும் தேடினேன். இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த ஓர் அண்ணன்தான் எழுந்து வந்தார். கையெல்லாம் கிரீஸ். வலது புருவம் பாதியோடு நின்றுபோயிருந்தது.

“வாங்க அங்கிள். பசியாறிட்டியா பாப்பா?” என்றவர் எனக்கு மைலோ ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

அவரும் அப்பாவும் மழையைப் பற்றிப் பேசினார்கள். இஞ்சினைப் பற்றிப் பேசினார்கள். ஒற்றர் வேலை இவ்வளவு அலுப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிறகு அப்பா, யாரிடமோ சொல்வதுபோல, “சிலிம் ரிவர்லேருந்து ஆளுங்க வந்துட்டுப் போனாங்க. பதில் கேக்குறாங்க” என்றார்.

அண்ணன் நெத்திலிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. கடலையே பார்த்தார். அப்பா விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மழ வரும்போல இருக்கு அங்கிள். பாப்பா நனைஞ்சிரப் போகுது, கெளம்புங்க” என்றார் அண்ணன்.

முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பெரியவர் வீட்டு விஷயம் சொல்கிறார், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை இந்த ஆளுக்கு. மைலோ வாங்கிக் கொடுத்தால் போதுமா?

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். அக்கா அங்கே நெத்திலிப் பையின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“லூமுட்டும்மா” என்றேன். “பொம்பள யாரும் இல்ல. ஒரு அண்ணன்தான், போட் இஞ்சின் ரிப்பேர் பண்றாரு. ஒரு புருவம் பாதி இல்ல.”

“தீவாளி வெடியில போன...” என்று ஆரம்பித்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா மேல் பாய்ந்தாள். “என்னாங்க, அந்தப் பையனப் பாக்கவா போறீங்க? எவளாச்சும் ஒருத்தியா இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்!”

“வேற பொண்ணோட சுத்துறானான்னு புடிக்கத்தான்லா மொதல்ல போனேன்” என்றார் அப்பா.

“அப்புறம்?”

“அப்புறம் மீன் நல்லா இருந்துச்சு.” அம்மா முறைக்க முறைக்க அவர் சேர்த்துக்கொண்டார்: “மீன் குடுக்கக் கூடாதுன்னு சாமிகிட்ட யாரும் சொல்லலையே.”

அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் குந்தினாள்.

“பாப்பா, சிலிம் ரிவர் விஷயம் அவருக்குத் தெரியுமா?”

“அப்பா சொன்னாரே.”

“அவரு என்ன கேட்டாரு?”

“ஒண்ணுமே கேக்கல.”

“என்னப் பத்தி?”

“உன்னப் பத்தி ஒரு வார்த்தகூட கேக்கல. மழ வரும்னு சொன்னாரு, அவ்ளோதான்.”

அவள் மனம் நோகுமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. நல்லவிதமாக ஏதாவது சேர்த்துச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். “மறந்துபோனவரா இருந்தா சும்மாவாச்சும் கேட்டிருப்பாரு பாப்பா” என்று கவிச்சிக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சிலிம் ரிவர்காரங்கள வேற எடம் பாத்துக்கச் சொல்லிருங்கம்மா. நான் இருக்கேன்” என்றாள். மூன்று வருடத்தில் அவள் தெரியல என்று சொல்லாத முதல் பதில் அது.

அப்பா கத்தியை எடுத்து வந்து முடிச்சை அறுத்தார். நான் அங்கேயே நின்று அக்காவை ஏற இறங்கப் பார்த்தேன். இருக்கிறாளா செத்தாளா என்றுகூடக் கேட்காத ஓர் ஆளுக்காகப் பாடிக்கொண்டே நெத்திலித் தலையைக் கிள்ளுகிறாள். இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று, அன்றைக்கு எனக்கு அவள் மேல்தான் பெரிய சந்தேகம் வந்தது.