போதாத அளவு

மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த விஜயலக்ஷ்மியை அவள் அம்மா ஊரெல்லாம் டாக்டர் என்றே சொல்லிவைத்திருந்தாள். சொந்தக்காரர்கள் இருமலுக்கும் முழங்கால் வலிக்கும் போன் செய்வார்கள். உண்மையில் அவள் ஒருவருக்கும் நாடி பிடித்ததில்லை. படித்தது புள்ளியியல். கைக்குழந்தைகளுக்கு எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று கண்டறியும் ஆய்வுகளுக்குத் திட்டம் வகுப்பது, செம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் வேலை. பெரியவர்களின் மாத்திரையைப் பிய்த்துக் கால்வாசியைப் பிள்ளைக்குக் கொடுக்கும் ஊர் இது. அது குருட்டாம்போக்கு என்று அவள் சொன்னால் வீட்டில்கூட யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பச்சைக் குழந்தையின் ஈரல் இன்னும் வேலை பழகிக்கொண்டிருக்கும். ஒரே எடையுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று மருந்தை உடனே கழித்துவிடும், மற்றொன்று தேக்கி வைத்துக்கொள்ளும். தெரிந்துகொள்ள ரத்தம் எடுக்க வேண்டும். எடுக்கவோ அந்த உடம்பில் ரத்தமே கொஞ்சம். அதனால் இந்தக் குழந்தையிடம் காலையில் சில துளி, அந்தக் குழந்தையிடம் மாலையில் சில துளி என்று வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவாள். பிஞ்சுக் கையில் ஓர் ஊசி குறைந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும். நல்ல மனசுதான். நல்ல மனசு மட்டும் போதுமென்றால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

மூளையில் டிபி தாக்கிய கைக்குழந்தைகளுக்கு ஒரு புது மருந்து வந்தது. சரியான அளவு யாருக்கும் தெரியாது. விஜயலக்ஷ்மி மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கினாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அனுமதி கொடுத்த குழுவில் ஒருவர் மெச்சிக்கொண்டார். அளவுக்குக் குறைந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பழமொழியில் இல்லை. கூடவே இன்னொன்றும் எழுதினாள்: முதல் குழுக் குழந்தைகள் அத்தனை பேரின் ரத்தமும் சேர்ந்த பிறகு, ஒரே நாளில் சோதிக்க வேண்டும். கருவி நாளுக்கொரு மாதிரி சொல்லும்; ஒன்றாகப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். அவள் துறையில் அதற்குச் சுத்தமான வேலை என்று பெயர்.

முதலில் வந்தது ஜுவைரியா என்ற தாராவிக் குழந்தை. தாய் சஃப்ரீன் மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இந்தி இன்னும் பிடிபடவில்லை. ஆய்வின் தலைவர் டாக்டர் நம்பிராஜன், பெண்ணுக்குப் பெண் சொன்னால் கேட்பாள் என்று விஜயலக்ஷ்மியைக் கூப்பிட்டனுப்பினார். பயப்பட வேண்டாம், குறைந்த அளவிலிருந்துதான் ஆரம்பிப்போம் என்று இவள் எடுத்துச் சொன்ன பிறகே சஃப்ரீன் சம்மதித்தாள்.

அந்த வாரமே ரத்தம் எடுத்து உறையவைத்தார்கள். மற்றத் தாய்மார் லேசில் சம்மதிக்கவில்லை. குழு நிறைவதற்குள் மும்பை மழைக்காலமே முடிந்துவிட்டது. ஜுவைரியாவை வீட்டுக்கு அனுப்பி, மருந்தைக் கையால் புகட்டச் சொன்னார்கள். வரும்போதெல்லாம் சஃப்ரீன், எடுத்த ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று நர்ஸிடம் கேட்டாள். இது ஆராய்ச்சி ரத்தம், ரிப்போர்ட் வராது என்று பதில் சொன்னார்கள். தீபாவளிக்கு முன்னால் குழந்தை இறந்துபோனது.

அதன் பிறகுதான் குழு நிறைந்தது, சோதனை நடந்தது. எந்தக் குழந்தையின் ரத்தத்திலும் மருந்து போதவில்லை. ஜுவைரியாவுக்குப் பேருக்குத்தான் இருந்தது. மற்றக் குழந்தைகளுக்கு அந்த வாரமே அளவைக் கூட்டினார்கள். ரத்தம் எடுத்த அன்றே பார்த்திருந்தால் ஜுவைரியாவுக்கும் கூட்டியிருக்கலாம். விஜயலக்ஷ்மி ஆபீஸ் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தாயிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். கூட்டியிருந்தால் பிழைத்திருக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா, பிறகு எதற்கு அந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று நம்பிராஜன் தடுத்தார். சொல்ல முடியாதுதான். ஆனாலும் சம்மதம் வாங்கிய வாய் தன்னுடையது என்று புறப்பட்டாள்.

கீழே சஃப்ரீனின் கணவன் ஷாகிரின் பெல்ட் பட்டறை, இரும்பு ஏணியேறினால் மேலே ஒற்றை அறை. விஜயலக்ஷ்மி வாயைத் திறப்பதற்குள் சஃப்ரீன் முந்திக்கொண்டாள்.

"தப்பு எம்மேலதான் மேடம். மருந்த துப்பிக்கிட்டே கெடந்தா. ஏசுவீங்கன்னு பயந்து ஆஸ்பத்திரில நான் சொல்லல. எங்க வீட்டு அவியளுக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து எங்கிட்ட பேசுததே இல்ல."

விஜயலக்ஷ்மிக்கு அந்த நொடியில் நெஞ்சு லேசானது, அதுதான் கொடுமை. துப்பியது என்று ஒரு வார்த்தை போதும். நம்பிராஜனுக்கு நிம்மதி, திட்டத்துக்கும் பழுதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவளே அந்தப் பழியைத் தட்டில் வைத்து நீட்டுகிறாள். வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடலாம்.

ஆனால் ரத்தம் எடுத்த அன்று மருந்து எப்படிப் போனது என்பது அவளுக்குத் தெரியும். முழுதாகப் போயே போதாத மருந்து. பாதி போனால் என்ன, மொத்தமும் போனால் என்ன.

"இல்லைம்மா. நாங்க ரத்தம் எடுத்த அன்னிக்கு மருந்து மூக்குக் குழாய் வழியாப் போச்சு. ஒரு சொட்டு வெளியில வரலை. அப்படியும் போறலை. அளவே கம்மி. அந்த அளவைப் போட்டவ நான். ரத்தத்தை உடனே பார்க்க வேண்டாம்னு எழுதினவளும் நான்தான்."

சஃப்ரீன் கீழே பட்டறைப் பக்கம் கையைக் காட்டி, "இத அவியகிட்டயும் சொல்லிருங்க" என்றாள்.

விஜயலக்ஷ்மி ஏணி வாசலிலிருந்து கூப்பிட்டதும் பட்டறையில் தையல் மெஷின்கள் நின்றன. ஷாகிர் ஏறி வந்து வாசலிலேயே நின்றான். விஜயலக்ஷ்மி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: கூடக் கொடுத்திருந்தால் பிள்ளை இருந்திருக்குமா?

"தெரியாது. ஆனா இவ துப்பவிட்டதால போகலை. அது நிச்சயம்."

அவன் திரும்பி ஏணியில் இறங்கினான். திட்டுவான், ஆட்களைக் கூட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். பாதிப்படியில் காலடி நின்றது.

"சஃப்ரீன்" என்று கீழிருந்து குரல் வந்தது. "அவுங்களுக்கு சாயா போட்டியா?"

சஃப்ரீன் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். யாராவது தன்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று விஜயலக்ஷ்மிக்கு இருந்தது. சாயா வந்ததும் வாங்கிக் குடித்தாள்.