காம்பஸ் முனை

இன்று காலை மிக்ஸியிலிருந்து வயர் கருகும் நாற்றம் எழுந்ததும், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப்போன மணி அண்ணனின் பழைய வேன்தான் நினைவுக்கு வந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. பின்சீட்டின் ஓரமாகப் பிரேக் விளக்குக்கு ஓடிய கறுப்பு வயரைப் போகும்போதும் வரும்போதும் காம்பஸ் முள்ளால் குத்திக்கொண்டே இருப்பேன். முள் மெத்தென்று இறங்குவதில் அப்படியொரு சுகம். ஒருநாள் முனை உடைந்து, வயருக்கும் சீட்டின் இரும்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

அன்றிலிருந்து பிரேக்கை மிதித்தாலே ஃபியூஸ் போயிற்று. மணி அண்ணன் தரைவிரிப்பைச் சுருட்டி, டேப்பைப் பிரித்து, டெஸ்ட் லாம்பும் கையுமாக மூன்று நாள் தேடினார். "எங்கியோ ஷார்ட் ஆவுது பாப்பா, கண்ல ஆப்ட மாட்டேங்குது" என்று என்னிடமே சொன்னார்.

"ஓட்டை வண்டி, பிள்ளைங்களை எப்படி நம்பி அனுப்புறது?" என்று அம்மா மற்ற அம்மாக்களையும் சேர்த்துக்கொண்டு வேறு வேன் பேசிவிட்டாள்.

கடைசி நாள், என்னை இறக்கிவிடும்போது, உடைந்த முனையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது உன்னுதா பாப்பா?"

"இல்லண்ணா, செல்வியோடது."

செல்வி என் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் வீட்டில் மட்டுந்தான் வேன் மாற்றவில்லை.

"செரி, உடு" என்றார்.

அதன்பிறகு அந்த வேன் எதிரே வரும்போதெல்லாம், முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் செல்வி ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள். இருவரும் சிரித்துக்கொண்டே எனக்குக் கையசைப்பார்கள். நான் குனிந்து, இல்லாத செருப்பு வாரைச் சரிசெய்வேன்.