முதுகில் தையல் இல்லாத ஜாக்கெட்

தொண்ணூற்று நாலாம் வருஷம், சித்திரை மாதம். செங்கம் ரோட்டில் நான் தையல் கடை போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ராணிப்பேட்டையில் தோல் ஆடை தைக்கும் கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் வேலை பார்த்திருந்தேன். திருவண்ணாமலையில் தோல் தைக்கத் தெரிந்த டெய்லர் நான்தான் என்று யாரோ சொல்லி, ஒருநாள் காலையில் சினிமா கம்பெனியின் காஸ்ட்யூமர் கடைக்கு வந்தார். கையில் இரண்டு ஜாக்கெட் வைத்திருந்தார்.

அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த ஒரு கொல்லையில் அவர்களுக்கு ஷூட்டிங். ஹீரோ பழைய காலத்து விமானப் படைக்காரர். விமானம் விழுந்து, உடைந்த பாகத்துக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வருகிறார். பிளைவுட்டில் விமானம் தயார். ஜாக்கெட்தான் அமையவில்லை.

ஒன்று உள்பக்கம் ஆட்டு ரோமம் வைத்தது. குளிரில் பறப்பவர்கள் கம்பளிச் சட்டைகளுக்கு மேல் போட்டுக்கொள்வதற்காக வெட்டியது. வெறும் சட்டைக்கு மேல் போட்டால் தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கிவிடுகிறது. இன்னொன்று புது ரெக்சின். வெயிலில் அது பளபளத்ததைப் பார்த்து டைரக்டர் தூக்கிப் போடச் சொல்லிவிட்டாராம்.

"நிஜப் பழசு ஒண்ணு வேணும்பா. இந்த ஊர்ல ஏர்ஃபோர்ஸ்காரர் யாரும் இல்லியா?" என்றார்.

ஒருவர் இருந்தார். சரக்கு விமானங்களில் ரேடியோ ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என்னிடம்தான் பேன்ட் தைப்பார். ஒவ்வொரு முறையும் இடுப்பளவு கொஞ்சம் கூடியிருக்கும். பேச்சுவாக்கில் ஒருமுறை, சர்வீஸில் போட்ட தோல் ஜாக்கெட் இன்னும் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய், வெள்ளைத் துணி போர்த்திய ஹேங்கரோடு எடுத்துவந்தார். பழுப்பு நிற வெள்ளாட்டுத் தோல். கை விளிம்பிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல். உள் லைனிங்கில் மையால் எழுதிய மூன்று நம்பர்கள். மேலே இருந்த இரண்டை அடித்திருந்தார்கள்.

"வெள்ளைக்காரன் காலத்து ஸ்டோர்ல இருந்தது. முதல் ரெண்டு பேரு யாருன்னு எனக்குத் தெரியாது. மூணாவது நம்பர் என்னுது."

திருப்பிப் பார்த்தேன். முதுகு முழுக்க ஒரே தோல், நடுவில் ஒட்டுத் தையலே இல்லை. அப்படித் தைக்க பழுதில்லாத பெரிய தோல் வேண்டும். ராணிப்பேட்டையில் நாங்கள் இரண்டு துண்டாக வெட்டி ஒட்டிவிடுவோம்.

"அந்த நடிகருக்கு சைஸ் சரியா இருக்குமா?"

"இருக்கும்ங்க சார்."

ஹீரோவின் அளவை நான் எடுத்திருக்கவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சினிமாக்காரர் என்னைத் தேடி வந்த பெருமை தலைக்கேறியிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"சரி, எடுத்துட்டுப் போ. கத்திரி மட்டும் படக் கூடாது."

"படாதுங்க சார்."

மறுநாள் சித்ரா பௌர்ணமிக்கு முந்தின தினம். கிரிவலக் கூட்டம் அன்று சாயந்திரமே வர ஆரம்பித்துவிடும் என்பதால், நாலு மணிக்குள் வண்டிகள் எல்லாம் அந்த ரோட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்தது. நான் போனபோது மணி பதினொன்று. கொல்லையில் நிற்க முடியாத வெயில்.

ஹீரோ ஜாக்கெட்டுக்குள் கையை விட்டார். முழங்கைவரை போனது, அதற்கு மேல் போகவில்லை. காஸ்ட்யூமர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்து எப்படியோ மாட்டினோம். அவர் உடற்பயிற்சி செய்து நெஞ்சையும் தோளையும் ஏற்றி வைத்திருந்தவர். அந்த ஜாக்கெட்டோ யுத்தகாலத்து ரேஷனில் சாப்பிட்டு வளர்ந்த இருபது வயதுக்காரனுக்காக வெட்டியது. ஜிப்பின் இரண்டு பக்கமும் நாலு விரல் தள்ளி நின்றன. அக்குள் வெட்டு மேலே ஏறி உடம்பைக் கவ்விப் பிடித்தது.

"எவன்யா இதத் தச்சது? கையும் நீளமா இருக்கு, உடம்பு மட்டும் தொப்புள் வரைக்கும் கூட வரல," என்றார் காஸ்ட்யூமர்.

தைத்தவன் மேல் தப்பில்லை. சீட்டில் உட்கார்ந்து கையை முன்னால் நீட்டுகிறவனுக்கான வெட்டு அது. உட்கார்ந்தால் மடியில் சுருட்டிக்கொள்ளாமலிருக்க உடம்பு குட்டை. கையை நீட்டும்போது மணிக்கட்டு வெளியே தெரியாமலிருக்க கை நீளம். நின்றுகொண்டிருக்கிறவனுக்கு அது சரியாக இருக்காது. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே காஸ்ட்யூமர் பெட்டியைத் திறந்து கத்திரியை எடுத்துவிட்டார்.

"முதுகுல நடுவுல ஒரு வெட்டு. பின்னாடி நாடா போட்டுக் கட்டிடலாம். கேமராவுக்கு முன்பக்கம்தான தெரியப் போவுது? நாங்க எப்பவும் செய்றதுதான்."

நான் ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, கத்திரி படாதுன்னு சொல்லி வாங்கிட்டு வந்திருக்கேன்."

"அப்போ சைஸ் பாத்து வாங்கிட்டு வந்திருக்கணும். டைரக்டர் கேட்டா நீ பதில் சொல்றியா?"

சுற்றிலும் அறுபது எழுபது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

"ரெண்டு மணி நேரம் குடுங்க. பக்கத் தையலப் பிரிச்சு, அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் ஒரு பட்டி வெச்சுத் தரேன். தோல வெட்ட வேணாம்."

"ஒன்றரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் கத்திரிதான்."

புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். துணியில் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தால் பழைய ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் மூடாது. ஊசி இறங்கிய இடம் எப்போதும் ஓட்டைதான். புதிதாக ஓட்டை போட்டால் ஸ்டாம்பு கிழிக்கிற மாதிரி அந்த வரிசையே கிழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு நூலையும் பாதி பிளேடால் தனித்தனியாக அறுத்து எடுத்து, அதே ஓட்டைகளில் கையால் தைக்க வேண்டும். விரல் வியர்த்து பிளேடு வழுக்கியது. மண்ணைத் தொட்டுக்கொண்டு அறுத்தேன். பட்டிக்கு அந்த ரெக்சின் ஜாக்கெட்டை வெட்டிக்கொண்டேன்.

இடது பக்கம் தைத்து முடித்து வலது பக்கத்தைப் பிரித்துப் போட்டிருந்தேன். முன்புறம் ஒரு தொடையிலும் முதுகு இன்னொரு தொடையிலும் விரிந்து கிடந்தன. அப்போது எதிரில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவர்.

ஜாக்கெட்டைக் கொடுத்தவர்தான், ஷூட்டிங் பார்க்க வந்திருக்கிறார். சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு காலை ஊன்றியபடி மடியில் கிடந்ததையே பார்த்தார்.

"கத்திரியா?"

"இல்லங்க சார். பிளேடு. நூல் மட்டும்தான் அறுத்தேன். சைஸ் பத்தல. நான் பாக்காமயே உங்ககிட்ட சொல்லிட்டேன்."

சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து குனிந்தார். பிரித்த ஓரத்தைக் கட்டைவிரலால் கடைசிவரை தடவிப் பார்த்தார்.

"திரும்ப இதே ஓட்டையிலதான் தைப்பியா?"

"ஆமாங்க சார்."

எனக்கு எதிரில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். பிடுங்கிக்கொண்டு போயிருந்தாலும் நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு குத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. இரண்டு முறை ஊசி என் விரலில் ஏறியது. ரத்தம் தோலில் படாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் தாண்டிவிட்டது. காஸ்ட்யூமர் வந்தார். இவர் தலையைத் தூக்கி, "நாந்தான் ஓனர். முடியட்டும்," என்றார். காஸ்ட்யூமர் திரும்பிப் போய்விட்டார்.

இரண்டரைக்கு ஹீரோ போட்டுக்கொண்டார். ஜிப் ஏறியது. பட்டி அக்குளுக்குள் மறைந்துகொண்டது. "கைய ரொம்பத் தூக்காதீங்க சார்," என்று அவரிடமே போய்ச் சொன்னேன். தலையாட்டினார். முதல் டேக்கில் தவழ்ந்து வந்தார், சரியாக இருந்தது. இரண்டாவதிலும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் வெளியே வந்து எழுந்தவர், யாரும் சொல்லாமல், வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

தோல் கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஜாக்கெட்டின் சொந்தக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும், கல்லைவிட்டு எழுந்து நின்றார். டைரக்டர் அந்த டேக்கே ஓகே என்றார்.

வலது தோளுக்குப் பின்னால், அக்குளை ஒட்டி, முதுகுத் தோல் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. என் தையல் அப்படியே இருந்தது. வியர்வையில் ஊறிய பழைய தோல்தான் விட்டுவிட்டது. ஹீரோவே வந்து, "சாரி சார், ஒரு வேகத்துல தூக்கிட்டேன்," என்றார்.

"இதப் போட்டுக்கிட்டு நான் கைய மேல தூக்கினதே இல்ல தம்பி. ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்துதான் இருந்தேன்," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

இருவருமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் நடந்தோம். ரோட்டில் கூட்டம் எதிரே வரத் தொடங்கியிருந்தது.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். ரெக்சின் பட்டி இருந்ததால் அவர் வயிற்றுக்கும் ஜிப் மேலே ஏறிவிட்டது. அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் மூடுது! அப்படியே இருக்கட்டும், எடுக்காதீங்க," என்றார்.

அவர் பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியில் அந்தப் பட்டியைப் பார்த்தார். பிறகு கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பட்டிய எடுத்துடு. முன்ன இருந்த மாதிரியே வேணும். கிழிசலுக்கு என்ன செய்ய முடியுமோ செய்."

நாலு நாள் கடையில் வேறு வேலை தொடவில்லை. மெல்லிய வெள்ளாட்டுத் தோலை ஓரம் சீவி, கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து ஒட்டினேன். இரண்டு பக்கத்தையும் பிரித்து, அதே ஓட்டைகளில் மூன்றாவது நூலைக் கோத்துத் தைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிழிந்த இடம் ஒரு முடி கனத்துக் கோடாகத் தெரிந்தது.

"நீ போடு," என்றார்.

"நானா?"

"என்னால போட முடியாது. ஆள் போட்டுப் பாத்தாதான் தெரியும். போடு."

அப்போது நான் ஐம்பத்திரண்டு கிலோ. கை உள்ளே சுலபமாகப் போனது. தோள் தையல் என் தோள் எலும்பின் மேலேயே உட்கார்ந்தது. ஜிப் தடையில்லாமல் ஏறியது. எத்தனையோ பேருக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறேன், எனக்கு இவ்வளவு சரியாக எந்தத் துணியும் இருந்ததில்லை. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. கைய முன்னால நீட்டு."

உட்கார்ந்து நீட்டினேன். மணிக்கட்டு சரியாக மூடியிருந்தது, வயிற்றில் எங்கேயும் சுருங்கவில்லை. பின்னால் போய் நின்றவர் என் வலது தோளுக்குக் கீழே, கிழிசலை ஒட்டியிருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார்.

"இழுக்குதா?"

"இல்லங்க சார்."

"இன்னும் கொஞ்சம் முன்னால நீட்டு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டினேன். எந்தச் சத்தமும் வரவில்லை. அவர் விரலை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை.

"சரி, கழட்டு," என்றார் கடைசியில்.